பெஞ்ச் அப்டேட் "லோக்கல் சேஞ்சஸ்" என்று நின்றுவிடுகிறது: கோர் கோடில் கைவைத்த ஈஆர்பிநெக்ஸ்டை எப்படி மேலே ஏற்றுவது?

#1 கொலுசுக்_கணக்கு (செவ்வாப்பேட்டை)

வணக்கம். வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். சொந்த சர்வர், உபுண்டு, பில்லும் கணக்கும் ஓடுவது ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளில், வெர்ஷன்-13. 14-க்கும் பிறகு 15-க்கும் போகணும். அமைத்துக் கொடுத்தவர் கோருக்குள்ளேயே (மென்பொருளின் மூலக் கோடிலேயே) திருத்தி வைத்திருக்கிறார், அவர் இப்போது தொடர்பில் இல்லை. பெஞ்ச் (அதை நிர்வகிக்கும் கட்டளைக் கருவி) அப்டேட் போட்டால், கமிட் செய்யாத (பதிவு செய்யாத) மாற்றம் இருக்கு, கையால் மெர்ஜ் பண்ணு (இணை), இல்லை ஸ்டாஷ் பண்ணு (தற்காலிகமா ஒதுக்கி வை), இல்லை --ரீசெட் போடு (மாற்றத்தை அழி) என்று மூணு வழி சொல்லிவிட்டு நிற்குது.

ஈஆர்பிநெக்ஸ்ட் ஃபோல்டரில் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஸ்டேட்டஸ் காட்டுவது:

டேக்ஸஸ்_அண்ட்_டோட்டல்ஸ்.பை, அதே பெயரில் ஒரு .ஜேஎஸ்
சேல்ஸ்_இன்வாய்ஸ்_ஐட்டம்.ஜேசன் (மொத்த எடை, டச் என்ற வெள்ளித் தூய்மைச் சதவீதம், கூலி என 3 ஃபீல்ட்)
ரீஜனல்/இந்தியா/யூட்டில்ஸ்.பை
ஒரு பிரின்ட் ஃபார்மட் ஜேசன்
யார்ன்.லாக்
இதுபோக நாற்பது ஃபைலுக்கு மேல் "மாடிஃபைட்", உள்ளே பார்த்தால் ஒரு எழுத்துகூட மாறலை
அன்ட்ராக்டாக (கிட் கணக்கில் சேராமல்) ஒரு ஃபோல்டர்: பட்டறை இருப்பு ரிப்போர்ட்

--ரீசெட் போட்டுட்டு எல்லாத்தையும் திரும்பத் தட்டிக்கலாமா?

#2 அஸ்தம்பட்டி_அட்மின்

போடாதீங்க. முதல்ல மாற்றத்தை வெளியே எடுத்து வைங்க, ரீசெட் கடைசி.

கமிட் ஆகாத மாற்றம் ரீசெட்டில் போனால் ரிஃப்ளாக்கிலும் (கிட் வைக்கும் நகர்வுக் குறிப்பு) கிடைக்காது. ரிஃப்ளாக் கமிட்டைத்தான் நினைவில் வைக்கும், நீங்க சேவ் பண்ணின ஃபைலை இல்லை. பெஞ்ச் அப்டேட் எடுக்கிற பேக்கப்பை நம்பியும் இறங்காதீங்க. அது டேட்டாபேஸ் பேக்கப், கோட் அதில் வராது.

(கட்டளையைத் தமிழில் எழுதறேன், டெர்மினல்ல வழக்கம்போல ஆங்கிலத்தில் அடிச்சுக்குங்க.)

முதல்ல அந்த நாற்பது ஃபைல். யாரோ சிஎச்மாட் -ஆர் (ஃபைல் அனுமதியை மொத்தமா மாத்தும் கட்டளை) ஓட்டியிருக்காங்க. கிட் டிஃப் போட்டால் "ஓல்ட் மோட் 100644, நியூ மோட் 100755" என்று மட்டும் வரும். அந்த ரெப்போவில்

கிட் கான்ஃபிக் கோர்.ஃபைல்மோட் ஃபால்ஸ்

போட்டதும் நாற்பதும் பட்டியலை விட்டுப் போயிடும். யார்ன்.லாக் உங்க மாற்றமே இல்லை, பில்ட் ஓடும்போது தானா மாறினது. கிட் செக்அவுட் -- யார்ன்.லாக் போட்டுத் தூக்கிடுங்க.

மிச்சம் இருப்பது நிஜ மாற்றம்:

கிட் செக்அவுட் -பி பழைய-திருத்தம்
கிட் ஆட் -ஏ
கிட் கமிட்

ஆட் -ஏ போட்டால்தான் அன்ட்ராக்ட் ரிப்போர்ட்டும் உள்ளே வரும். ஸ்டாஷ் பண்ற பழக்கம் இருந்தால் கவனம்: வெறும் கிட் ஸ்டாஷ் அன்ட்ராக்டைத் தொடாது, -யூ சேர்க்கணும். அந்தப் பிராஞ்சை சர்வரை விட்டு வெளியே வேற மெஷினுக்கு புஷ் பண்ணுங்க. பென்டிரைவில் ஒரு டிஃப் ஃபைலும் இருக்கட்டும், கேடில்லை.

ரூட்டாக உள்ளே போய் கிட் ஓட்டினால் "டூபியஸ் ஓனர்ஷிப்" என்று திட்டும் (2022-ல் வந்த பாதுகாப்புத் திருத்தம்). சேஃப்.டைரக்டரியில் எழுதித் தப்பிக்க வேண்டாம். பெஞ்ச் எந்த யூசரில் ஓடுதோ அந்த யூசராக மாறி ஓட்டுங்க. ரூட்டில் ஓட்டினால் பாதி ஃபைலுக்கு ரூட் ஓனர் ஆகி, அடுத்த அப்டேட் பர்மிஷன் பிழையில் நிற்கும்.

#3 ஐந்துரோடு_கிட்

மேலே சொன்னதோடு ஒண்ணு. அவர் சிலதைக் கமிட்டும் பண்ணி வைத்திருக்கலாம். ஸ்டேட்டஸில் அது தெரியாது. எங்கே பிரிஞ்சதுன்னு பார்க்க கிட் மெர்ஜ்-பேஸ் வேணும், ஆனா பெஞ்ச் வழக்கமா ஆழம் 1-ல் ஷேலோவாகத்தான் குளோன் பண்ணும், பழைய வரலாறே உள்ளே இருக்காது. அதனால் முதல்ல

கிட் ஃபெட்ச் --அன்ஷேலோ அப்ஸ்ட்ரீம்

(பெஞ்சில் ரிமோட் பெயர் ஆரிஜின் இல்லை, அப்ஸ்ட்ரீம்.) பிறகு

கிட் லாக் அப்ஸ்ட்ரீம்/வெர்ஷன்-13..ஹெட்

வருகிற வரி ஒவ்வொண்ணும் உங்க ஆள் போட்ட கமிட். இதையும் பார்க்காம ரீசெட் போட்டவங்க, ஸ்டேட்டஸ் சுத்தமா இருந்துச்சே, எப்படிப் போச்சுன்னு கேட்பாங்க. ரிஃப்ளாக்கில் தேடிக்கலாம்னும் இருக்காதீங்க, ஜிசி (கிட்டின் குப்பை நீக்கம்) ஓடினால் எது எப்போ போகும்னு நம்ம கையில் இல்லை. பிராஞ்ச் பெயர் ஒட்டியிருந்தால் கமிட் போகவே போகாது.

என் யோசனை: மாற்றத்தைச் சின்னச் சின்ன கமிட்டாப் பிரிச்சு, வெர்ஷன்-14 மேலே ரீபேஸ் பண்ணுங்க (அந்த கமிட்டுகளைப் புதுக் கோடின் மேல் திரும்ப அடுக்குவது). கிட் கான்ஃபிக் ரீரீரீ.எனேபிள்ட் ட்ரூ போட்டுட்டா, ஒரு கான்ஃபிளிக்டை (ரெண்டு பக்க மாற்றமும் மோதும் இடம்) ஒரு தடவை தீர்த்தது அடுத்த தடவை தானா வந்துடும். மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல் டிஃப்3-யும் வைங்க. ரெண்டு பக்கத்தோட நடுவில் மூலம் என்னவா இருந்துச்சுன்னும் காட்டும், அது இல்லாம எடுக்கற முடிவு குத்துமதிப்புதான். ரீபேஸில் "அவர்ஸ்" என்பது அப்ஸ்ட்ரீம், "தியர்ஸ்" என்பது உங்களுடையது. மெர்ஜுக்குத் தலைகீழ். இதில் தடுக்கி விழாதவங்க குறைவு.

#4 அஸ்தம்பட்டி_அட்மின்

ஐந்துரோடு அண்ணே, ரீபேஸ் நல்ல ஆயுதம்தான், ஆனா இந்தப் பட்டியலுக்கு ஒத்து வராது. ஏன்னு ஃபைல் ஃபைலாச் சொல்றேன்.

ரீஜனல்/இந்தியா என்ற ஃபோல்டரே 14-ல் இல்லை. ஜிஎஸ்டி முழுக்க இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனி ஆப்புக்குப் போயாச்சு. ரீபேஸ் பண்ணினால் "மாடிஃபை/டிலீட்" கான்ஃபிளிக்ட் வரும், கிட் உங்க பழைய ஃபைலை அங்கேயே விட்டுட்டுப் போகும். ஆட் பண்ணி கன்டின்யூ போட்டால் பிழையே வராது. ஆனா அந்தக் கோடை யாரும் கூப்பிட மாட்டாங்க, செத்த ஃபைல்.

டாக்டைப் (பில் மாதிரி ஒரு படிவத்தின் அமைப்பு) ஜேசன் அதைவிட மோசம். உள்ளே "மாடிஃபைட்" என்று ஒரு நேர வரி, மேலே "ஃபீல்ட்_ஆர்டர்" என்று ஒரு பட்டியல். அப்ஸ்ட்ரீம் அந்த டாக்டைப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் நேர வரி மாறும், உங்களதும் மாறியிருக்கும், கான்ஃபிளிக்ட் உறுதி. ரீரீரீ-யும் உதவாது, ஒவ்வொரு தடவையும் நேரம் புதுசு.

ஃபீல்டை கஸ்டம் ஃபீல்டாக (கோரைத் தொடாம தனியாச் சேர்க்கும் ஃபீல்ட்) மாத்துங்க. டேட்டா போயிடுமேன்னு பயம் வேண்டாம். ஃப்ராப்பேயில் (ஈஆர்பிநெக்ஸ்ட் நிற்கும் அடித்தளம்) ஜேசனில் ஃபீல்ட் காணாமப் போனால் ஃபார்மில் மட்டும்தான் மறையும், டேபிளில் காலம் (நெடுவரிசை) அப்படியே இருக்கும். அதே ஃபீல்ட்நேமில், அதே வகையில் கஸ்டம் ஃபீல்ட் போட்டால் பழைய பில்லில் எடையும் டச்சும் திரும்பத் தெரியும். ரெண்டு இடத்தில் கால் வழுக்கும்:

ஒண்ணு, ஃபீல்ட்நேம் பெட்டியைக் காலியா விட்டால் புது வெர்ஷன் "கஸ்டம்_" என்று முன்னால் ஒட்டித் தானே பெயர் வைக்கும். அது புதுக் காலம், பழசு எதுவும் வராது. பழைய பெயரைக் கையால எழுதுங்க.

ரெண்டு, இந்த வேலை முடியும்வரை பெஞ்ச் ட்ரிம்-டேபிள்ஸ் பக்கமே போகாதீங்க. ஃபார்மில் இல்லாத காலத்தையெல்லாம் வெட்டி எறிய என்றே இருக்கிற கட்டளை அது. ஓட்டியே ஆகணும்னா முதல்ல --ட்ரை-ரன் போட்டு, எதை வெட்டப் போகுதுன்னு பாருங்க.

பிரின்ட் ஃபார்மட்: ஸ்டாண்டர்டைத் திருத்தினால் மைக்ரேட்டில் (டேட்டாபேஸைப் புதுக் கோடுக்கு ஏத்த மாதிரி மாத்தும் படி) போயிடும். காப்பி எடுத்து வேற பெயரில், "ஸ்டாண்டர்ட்: நோ" வைங்க. டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும், அப்டேட் தொடாது.

ரிப்போர்ட்: தனி ஆப்புக்குள். பெஞ்ச் நியூ-ஆப் போட்டு, அதன் மாட்யூலுக்குள் ஃபோல்டரை நகர்த்தி, ரிப்போர்ட் ரெக்கார்டில் மாட்யூலையும் மாத்தணும். இன்ஸ்டால்-ஆப் மறக்கக் கூடாது.

பாக்கி டேக்ஸஸ்_அண்ட்_டோட்டல்ஸ். அதில் என்னதான் பண்ணியிருக்கார்? டிஃப் போடுங்க, பார்ப்போம்.

#5 கொலுசுக்_கணக்கு

யார்ன்.லாக், மோட் ரெண்டும் போயிடுச்சு, நன்றிங்க. கமிட் பண்ணி வேற மெஷினுக்கும் ஏத்தியாச்சு. லாக்கில் அவர் போட்ட கமிட் 2 கூடுதலாக இருந்தது, ரெண்டும் பிரின்ட் சம்பந்தம்.

பை ஃபைலில், ஐட்டம்.அமவுண்ட் = ரேட் × க்வான்டிட்டி என்ற வரியை எடுத்துட்டு இப்படி இருக்கு: எடை × டச் ÷ 100 × வெள்ளி ரேட், அதோட எடை × கூலி. ஜேஎஸ்ஸிலும் அதே.

#6 பட்டறை_வாத்தியார்

இதுக்கு அமவுண்டைத் தொட்டிருக்கவே வேண்டாம். கணக்கைத் திருப்பிப் போடுங்க.

கிராம் வெள்ளி 100 ரூபாய், டச் 80, கூலி கிராமுக்கு 5 என்று வைப்போம். ஒரு கிராம் கொலுசோட ரேட் = 100 × 80 ÷ 100 + 5 = 85. எடை 1,250 கிராம். 1,250 × 85 = 1,06,250. ரேட் × க்வான்டிட்டி அப்படியே நிற்குது. உங்க ஃபார்முலா ரேட்டுக்குள் போயிடுச்சு, கோர் கோர் பாட்டுக்கு இருக்கும். ஸ்டாக்கிலும் மொத்த எடையே இறங்கும், பட்டறை இருப்போடு ஒத்துப்போகும்.

அமவுண்டை மாத்தினதில் இன்னொரு கோளாறும் உண்டு. அந்த ஃபைலை சேல்ஸ் இன்வாய்ஸ் மட்டுமா கூப்பிடுது? கொட்டேஷன், சேல்ஸ் ஆர்டர், பர்ச்சேஸ் பில் எல்லாமே அதைத்தான் கூப்பிடும். பாலிஷ் பவுடர் வாங்கின பில்லிலும் டச் தேடும்.

#7 அஸ்தம்பட்டி_அட்மின்

வாத்தியார் முடிச்சை அவிழ்த்துட்டார். இனி எங்கே எழுதறதுன்னு மட்டும்.

திரையில்: சேல்ஸ் இன்வாய்ஸுக்கு ஒரு கிளையன்ட் ஸ்கிரிப்ட், அல்லது ஆப்பின் ஹூக்ஸ்.பை-யில் (ஆப்பின் கோடைக் கோரோடு இணைக்கும் ஃபைல்) டாக்டைப்_ஜேஎஸ். வரியில் டச், கூலி, வெள்ளி ரேட் எது மாறினாலும் ஃப்ராப்பே.மாடல்.செட்_வேல்யூ கொண்டு ரேட்டை எழுதுங்க. நேரடியா ரோ.ரேட் = என்று எழுதினால் கூட்டுத்தொகை கணக்கு ஓடாது. செட்_வேல்யூ போட்டால்தான் ரேட் மாறின நிகழ்வு கிளம்பி மொத்தமும் வரியும் மாறும்.

சர்வரில்: அதே கணக்கு டாக்_ஈவன்ட்ஸில் (பில் சேவ் ஆகும்போது சர்வரில் ஓடும் ஹூக்) கட்டாயம் வேணும். எக்செல் இம்போர்ட், ஏபிஐ வழியா வரும் பில்லில் திரை ஸ்கிரிப்ட் ஓடாது. இங்கே எல்லாரும் "வேலிடேட்"டில் மாட்டுவாங்க, அது தப்பு. டாக்டைப்போட சொந்த வேலிடேட் முடிஞ்சபிறகுதான் உங்க ஹூக் ஓடும். அதுக்குள்ள மொத்தம் கூட்டியாச்சு. ரேட் புதுசு, மொத்தம் பழசு என்று பில் சேவ் ஆகும். "பிஃபோர்_வேலிடேட்"டில் மாட்டுங்க.

சர்வர் ஸ்கிரிப்டிலும் எழுதலாம், ஆனா 15-ல் அது இயல்பாவே அணைஞ்சிருக்கும். பெஞ்ச் செட்-கான்ஃபிக் -ஜி சர்வர்_ஸ்கிரிப்ட்_எனேபிள்ட் 1 போட்டாத்தான் உயிர் வரும். பில் கணக்கு மாதிரி விஷயத்தை ஆப்பிலேயே வைங்க, கிட்டில் வரலாறும் கிடைக்கும்.

கொலுசு ஐட்டங்களுக்குப் பிரைஸ் லிஸ்ட் ரேட் வைக்காதீங்க. வைத்தால் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தள்ளுபடின்னு எடுத்துக்கும். பிரைசிங் ரூல் இருந்தால் பில்லில் "இக்னோர் பிரைசிங் ரூல்" டிக் போடுங்க.

கஸ்டம் ஃபீல்டை ஆப்போட சேர்த்து வைக்க ஃபிக்ஸர்ஸ் (ஆப்போட கூடவே போகும் அமைப்புப் பதிவுகள்) பட்டியலில் கஸ்டம் ஃபீல்ட், ப்ராப்பர்ட்டி செட்டர் (இருக்கிற ஃபீல்டின் இயல்பை மாத்தும் பதிவு) ரெண்டையும் எழுதி பெஞ்ச் எக்ஸ்போர்ட்-ஃபிக்ஸர்ஸ். ஃபில்டர் போடலைன்னா சைட்டில் இருக்கிற அத்தனை ஆப்போட கஸ்டம் ஃபீல்டும் உங்க ஜேசனுக்குள் வந்து ஏறிக்கும், இந்தியா கம்ப்ளையன்ஸோடது உட்பட. அப்புறம் அவங்க ஒரு ஃபீல்டை மாத்தினால், உங்க ஃபிக்ஸர் அடுத்த மைக்ரேட்டில் பழசுக்கே இழுத்துட்டு வரும். உங்க மாட்யூல் பெயரை வைத்து ஃபில்டர் பண்ணுங்க. ஃபிக்ஸர் ஒவ்வொரு மைக்ரேட்டிலும் திரும்ப ஏறும் என்பதையும் மனசில வைங்க, திரையில் மாத்தினதை எக்ஸ்போர்ட் பண்ணாம விட்டால் அழிஞ்சிடும்.

#8 ஐந்துரோடு_கிட்

ஒத்துக்கறேன், இந்தக் கேஸுக்கு ரீபேஸ் வேண்டியதில்லை. ஆனா "ஃபோர்க்கே (கோரின் சொந்த நகல்) கூடாது"ன்னு எழுதிடாதீங்க. கோரில் நிஜமா ஒரு பிழை, திருத்தம் டெவலப் பிராஞ்சில் ஏறிடுச்சு, உங்க வெர்ஷனுக்கு இன்னும் இறங்கலை. அங்கே ஹூக் வைத்து மூடறதைவிட அந்த ஒரே கமிட்டை மட்டும் செர்ரி-பிக் பண்றதுதான் (தனியா எடுத்துச் சேர்க்கறதுதான்) சுத்தம். சொந்த ஃபோர்க்கில் ஒரு பிராஞ்ச், அதில் கடன் வாங்கின கமிட் மட்டும். அடுத்த அப்டேட்டுக்கு முன்னால்

கிட் செர்ரி அப்ஸ்ட்ரீம்/வெர்ஷன்-15

ஓட்டினால், கழித்தல் குறி வரும் கமிட் மேலேயே வந்து சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம், விட்டுடலாம். கூட்டல் குறி இருந்தால் இன்னும் சுமக்கணும். நீங்களே பிழையைத் திருத்தினால் புல் ரிக்வெஸ்டை வெர்ஷன்-15-க்குப் போடாதீங்க, டெவலப்புக்குப் போடுங்க. அங்கிருந்து பேக்போர்ட் பண்ணுவாங்க.

#9 அஸ்தம்பட்டி_அட்மின்

அது சரி. கடன் கமிட்டுக்கு ஃபோர்க், சொந்த வழக்கத்துக்கு ஆப். இதில் நமக்குள்ள சண்டை இல்லை.

#10 மூடுபனி (ஏற்காடு)

டாக்கரில் (இமேஜ் என்ற தயார்ப் பொதியிலிருந்து கன்டெய்னரை ஓட்டும் கருவி) ஓட்டுறவங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அவங்களுக்கு ரெண்டு வரி. கன்டெய்னருக்குள் புகுந்து நேனோவில் திருத்துவது, ரீஸ்டார்ட் வரைக்கும் தாங்கும், ரீகிரியேட்டில் போயிடும். அங்கே கிட் ஸ்டேட்டஸ் எச்சரிக்கைகூட வராது, புது இமேஜ் வந்து சத்தமில்லாம மேலே உட்காரும். இருக்கிறதை எடுக்க டாக்கர் டிஃப் போட்டு எந்த ஃபைல் மாறியிருக்குன்னு பார்த்து, டாக்கர் சிபி-யால் வெளியே எடுங்க. அப்புறம் ஆப்ஸ்.ஜேசனில் உங்க ஆப்பையும் சேர்த்துச் சொந்த இமேஜ் பில்ட் பண்ணணும்.

மலை மேல எஸ்டேட் ஆபீஸில் லைன் மெதுவா இருந்தால் இமேஜை அங்கே பில்ட் பண்ணாதீங்க. சேலத்தில் பில்ட், டாக்கர் சேவ், பென்டிரைவ், இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே டாக்கர் லோட். பாதி டவுன்லோடில் அறுந்து போறதுக்கு இது வேகம்.

#11 கொலுசுக்_கணக்கு

ஆப் தயார். லைவில் நேரா ஏத்தாம, தனி மெஷினில் முயற்சி பண்ணலாம்னு இருக்கேன். எதைக் கவனிக்கணும்?

#12 அஸ்தம்பட்டி_அட்மின்

பேக்கப் எடுக்கும்போது பெஞ்ச் பேக்கப் --வித்-ஃபைல்ஸ். அதோட வரும் சைட்_கான்ஃபிக் ஜேசனையும் எடுத்துட்டுப் போங்க. உள்ளே இருக்கிற என்கிரிப்ஷன்_கீ புது சைட்டிலும் அதுவே இருக்கணும். இல்லைன்னா மெயில் பாஸ்வேர்ட் மாதிரி சேமித்தவை எதுவும் திறக்காது.

ரெஸ்டோர் ஆன அடுத்த நிமிஷம், வேற எதுவும் தொடுமுன்:

செட்-கான்ஃபிக் மியூட்_ஈமெயில்ஸ் 1
ஷெட்யூலர் டிசேபிள்

இதை விட்டால் சோதனை மெஷின் உங்க வாடிக்கையாளருக்கு நிஜ மெயில் அனுப்பும். இ-இன்வாய்ஸ், இ-வே பில் கணக்கு விவரத்தையும் அங்கே நீக்கிடுங்க.

13-லிருந்து 15-க்குத் தாவாதீங்க. 14-க்கு ஏத்தி, மைக்ரேட் முழுசா முடிஞ்சு, பில் பார்த்து, பிறகு 15. 14-க்கே பைத்தான் 3.10 வேணும், 15-க்கு நோட் 18. பழைய உபுண்டுவை அதுக்காகப் பிடிச்சு இழுக்கறதைவிடப் புது மெஷினில் ரெஸ்டோர் பண்றது சுலபம். சம்பளமும் இதில்தான் போடறீங்கன்னா, 14-ல் அது எச்ஆர்எம்எஸ் என்ற தனி ஆப், அதையும் எடுத்து வைங்க.

மைக்ரேட்டை டிமக்ஸுக்குள் ஓட்டுங்க, எஸ்எஸ்எச் அறுந்தாலும் வேலை ஓடும். கரண்ட் அறுந்தால் டிமக்ஸ் காப்பாத்தாது. ஈபி-யில் மாதாந்திரப் பராமரிப்பு என்னைக்குன்னு பார்த்துட்டு லைவ் நாளைக் குறிங்க.

சோதனை பில்: வாத்தியார் சொன்ன கணக்கையே போடுங்க. 1,250 கிராம், 85 ரூபாய், 1,06,250. ஜிஎஸ்டி 3 சதவீதம் 3,187.50, உள்மாநிலம்னா 1,593.75 ரெண்டு தடவை. மொத்தம் 1,09,437.50. திரையில் ஒண்ணு, எக்செல் இம்போர்ட்டில் ஒண்ணு, ரிட்டர்ன் பில் ஒண்ணு. மூணும் ஒத்து வரணும். கான்ஃபிளிக்ட் வராததை வைத்து வேலை செய்யுதுன்னு முடிவு பண்ணாதீங்க.

#13 கொலுசுக்_கணக்கு

14, 15 ரெண்டும் சோதனை மெஷினில் ஏறிடுச்சு. பழைய பில்லில் டச், கூலி எல்லாம் தெரியுது. 1,250 கிராம் பில் மூணு வழியிலும் சரி.

ஒண்ணு மட்டும் உதைக்குது. வெள்ளி 97.35, டச் 78.5, கூலி 4.50, எடை 18,400 கிராம். பழைய சிஸ்டத்தில் 14,88,923.40. இதில் 14,88,928.00. 4 ரூபாய் 60 காசு கூட வருது.

#14 பட்டறை_வாத்தியார்

ரேட் 80.91975 வரணும். ரேட் ஃபீல்ட் ரெண்டு தசமத்தில் நிற்கிறதால 80.92 ஆயிடுச்சு. கிராமுக்கு ஒரு பைசாவில் நாற்பதில் ஒரு பங்கு, 18,400 கிராமுக்கு 4.60. கஸ்டமைஸ் ஃபார்மில் சேல்ஸ் இன்வாய்ஸ் ஐட்டம் திறந்து, ரேட் ஃபீல்டில் ப்ரிசிஷன் 6 வைங்க. 4 போதாது, 80.9198 ஆகி 92 காசு தள்ளும். டேபிளில் அந்தக் காலம் 9 தசமம் தாங்கும், அதனால் சேமிப்பில் சிக்கல் இல்லை.

#15 அஸ்தம்பட்டி_அட்மின்

அந்த ப்ரிசிஷன் ஒரு ப்ராப்பர்ட்டி செட்டராகத்தான் உட்காரும். திரும்ப எக்ஸ்போர்ட்-ஃபிக்ஸர்ஸ் ஓட்டி, ஆப்பில் கமிட் போட்டுட்டு லைவுக்குப் போங்க. பிரின்ட் ஃபார்மட்டில் ரேட் 6 தசமத்தோட நீளமா வரும், அங்கே மட்டும் ரெண்டுக்குச் சுருக்கிக்குங்க.

#16 கொலுசுக்_கணக்கு

6 வைத்ததும் 14,88,923.40, காசு சுத்தமா வந்துடுச்சு. ஃபிக்ஸரும் கமிட் ஆச்சு. ஞாயித்துக்கிழமை லைவில் ஏத்தறேன். பழைய-திருத்தம் பிராஞ்சை அழிக்கலாமா?

#17 ஐந்துரோடு_கிட்

இருக்கட்டும் விடுங்க. இடம் ஒண்ணும் பிடிக்காது. வருஷக் கணக்கு முடிக்கும்போது பழைய பில் ஏதாவது உதைச்சால், அன்னைக்கு எந்த ஃபார்முலா ஓடுச்சுன்னு பார்க்க அது ஒண்ணுதான் இருக்கு.